கூப்பிடுகிறோம் என்றார்கள்

மடி கட்டத் துணி தேடிக்கொண்டிருந்தேன். மிளகு பறிக்கப் போகிறவளுக்கு, பறித்த கொத்தைப் போட இடுப்பில் ஒரு மடி வேண்டும். திருப்பூரிலிருந்து கொண்டுவந்த பையை வந்த நாளிலிருந்து நான் முழுசாகப் பிரிக்கவில்லை. பிரித்துவிட்டால் திரும்பி வந்தது நிஜமாகிவிடும் என்று ஒரு பயம். இன்று காலையில் வேறு வழியில்லாமல் பையைக் கவிழ்த்தேன். பழைய துப்பட்டா ஒன்று விழுந்தது. அதற்குள்ளிருந்து உன் டிரிம்மர் விழுந்தது.

நூல் வெட்டுகிற அந்தச் சின்னக் கத்தரிதான். பிடியில் நீ சுற்றிவைத்த சிவப்பு நூல் அப்படியே இருக்கிறது. தைத்த பனியனில் பழுது பார்க்கிற செக்கிங் டேபிளில் எல்லாருடைய டிரிம்மரும் ஒரே மாதிரி இருக்கும், மாறிப்போய்விடும் என்று அடையாளத்துக்குச் சுற்றினாய். அதற்கப்புறம் அது மட்டும்தான் எல்லார் கண்ணிலும் பட்டது, எல்லாரும் அதையே எடுத்துக்கொண்டு போனார்கள். நீ டேபிள் டேபிளாகப் போய்ச் சண்டை போட்டு வாங்கி வருவாய். மூக்கருகே வைத்துப் பார்த்தேன். மெஷின் எண்ணெயும் புதுப் பனியன் துணியும் கலந்த வாசம் இன்னும் போகவில்லை. இந்த வாசத்தைத் தலைக்குக் குளித்தாலும் போக்க முடியவில்லை என்று எத்தனை நாள் திட்டியிருப்போம். இன்றைக்கு அது போய்விடக்கூடாதே என்று மறுபடி துணியில் சுற்றினேன்.

"நேரமாச்சு. அவங்கெல்லாம் காட்டுக்குப் போயிட்டாங்க" என்று வாசலிலிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். துப்பட்டாவை மடியாகக் கட்டிக்கொண்டேன். டிரிம்மரையும் அதற்குள் போட்டுக்கொண்டேன். மிளகு பறிக்க அது எதற்கும் உதவாது. ஆனாலும் எடுத்துக்கொண்டுதான் போனேன்.

எனக்கு வேலை போய்விட்டது. உன்னிடம் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் உனக்குப் பிடிக்காது, "நேரா விசயத்துக்கு வா புள்ள" என்பாய். விஷயம் அதுதான். நாம் இரண்டு பேரும் சேர்ந்து நின்ற அந்த டேபிள் இப்போது இல்லை. அந்தக் கம்பெனியே இல்லை.

நம் மலையில் வேலைக்குக் கூப்பிடுகிற முறையை நீ மறந்திருக்க மாட்டாய். என் குண்டூர் நாட்டு ஊர்களிலும் உன் எடப்புளி நாட்டு ஊர்களிலும் ஒரே பழக்கம்தான். காட்டுக்காரர் முந்தின நாள் பொழுது சாய்கிற நேரத்தில் நம் வாசலுக்கு வந்து நிற்பார். மழை எப்படி, மாடு எப்படி என்று சித்த நேரம் பேசுவார். போகும்போது, "நாளைக்கு நம்ம காட்டுல கெழங்கு புடுங்கறோம், வந்துரு கண்ணு" என்பார். அவ்வளவுதான். கூப்பிட்ட பிறகு போகாமல் இருக்க முடியாது. கூப்பிட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. நம் காட்டில் வேலை வரும்போது நாமும் அவர் வாசலில் போய் நிற்போம். ஆனால் கூப்பிடாமல் ஒருத்தர் காட்டு ஓரத்தில் போய் நிற்பது என்பது நம் ஊரில் கிடையாது. அடுப்பு எரியாத வீட்டுக்காரி கூட அப்படிப் போய் நிற்க மாட்டாள்.

இந்தப் பழக்கத்தோடுதான் நான் திருப்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். ஊருக்கே ஆள் வந்து கூட்டிப்போன நூல் மில்லிலிருந்து இரண்டு பேரும் கணக்கு முடித்துக்கொண்டு, பெட்டியும் கையுமாக வந்த நாள். பனியன் கம்பெனி கேட்டில் 'செக்கிங், பேக்கிங் ஆட்கள் தேவை' என்று அட்டை தொங்கியது. நான் நேராகப் போய் எதிர்ச் சுவரோரம் நின்றுகொண்டேன். உள்ளேயிருந்து யாராவது வந்து நம்மைப் பார்ப்பார்கள், பார்த்தால் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். நீயும் கொஞ்ச நேரம் என்கூட நின்றாய். வெயில் ஏறியது. வாட்ச்மேன் நம்மைப் பார்த்தார், பீடி பற்ற வைத்தார், திரும்பிக்கொண்டார்.

"இப்படி நின்னா எவன் புள்ள கூப்புடுவான்? இது என்ன உங்க அப்பன் காடா?" என்றாய்.

"கூப்புடாம எப்படிப் போறது?"

"வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கற? கேக்கோணும். கேட்டாத்தான் தெரியும்."

பெட்டியை என்னிடம் தள்ளிவிட்டு நீ ரோட்டைக் கடந்தாய். அன்று நீ கேட்டது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. ஏனென்றால் அதற்கப்புறம் எத்தனையோ கேட்டில் அதையேதான் கேட்டாய். "ஏனுங்க, ரெண்டு பேரு இருக்கோமுங்க. செக்கிங்கோ பேக்கிங்கோ, எதுன்னாலும் செய்வோமுங்க." குரலில் கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. கடையில் உப்பு இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி கேட்டாய். எனக்கோ இங்கே சுவரோரம் உடம்பெல்லாம் கூசியது. ஊர்க்காரர் யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று சுற்றிப் பார்த்தேன். திருப்பூரில் நம் ஊர்க்காரர் யார் இருக்கப்போகிறார்.

அந்த கேட்டில் ஒரு ஆளுக்குத்தான் இடம் என்றார்கள். உன்னை வரச்சொன்னார்கள். "ரெண்டு பேருக்கும்னா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டாய். நான் உன்னைத் திட்டினேன். கிடைத்ததை விட்டுவிட்டு வருகிறாளே, இவளை நம்பி மலையிறங்கி வந்தேனே என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். நீ பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, "நான் உள்ள போயிட்டா நீ இதே செவுத்தோரம் நின்னு செவுராவே ஆயிப்போயிருவ" என்றாய். சிரித்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் இரண்டு பேருக்கும் வேலை வாங்கிவிட்டாய்.

அதற்குப் பிறகு நான் ஒருநாளும் வேலை கேட்டதில்லை. கம்பெனி மாறினோம், லைன் வீடு மாறினோம், கல்யாணம் முடித்து நான் மலைக்குப் போய் பாப்பாவைப் பெற்றுக்கொண்டு திரும்பி வந்தேன். ஒவ்வொரு முறையும் நீ கேட்டாய், நான் உள்ளே போனேன். கல்யாணம் வேண்டாம் என்று நீ இருந்துவிட்டாய். அதற்கும் உன்னைக் கேள்வி கேட்க வந்தவர்களிடம், "ரெண்டு பேருக்கும் சேத்து அவளே பண்ணிக்கிட்டா" என்று சொல்லி வாயை அடைத்தாய். பாப்பாவுக்கு நாமக்கல்லில் நர்சிங் இடம் கேட்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியதும் நீதான். ஹாஸ்டல் வார்டன், பாப்பாவின் அம்மா யார் என்று கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள், "ரெண்டு பேருங்க" என்றாய். அந்த அம்மா நம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது எனக்கு இன்னும் சிரிப்பாக வருகிறது.

போன மழைக்கு முந்தின மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு ஷிப்டுக்கு வந்தாய். பிறகு டெங்கு என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நீ என்னிடம் கடைசியாகப் பேசியது, "என்ற டிரிம்மர அவ எடுத்துட்டுப் போயிருவா, பாத்து வெய்யி" என்பதுதான். செக்கிங்கில் யாரைச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். பார்த்து வைத்தேன். உன்னை வேனில் வைத்து மலையேற்றியபோது காளப்பநாயக்கன்பட்டி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு வளைவிலும் நீ ஒரு பக்கம் சாய்ந்தாய், நான் பிடித்துக்கொண்டேன். எப்போதும் வளைவில் வாந்தி எடுக்கிறவள் நான். அன்று எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

தீபாவளி லீவு முடிந்து வேலைக்குப் போனால் கேட் பாதிதான் திறந்திருந்தது. சூப்பர்வைசர் வெளியே நின்றார். நல்ல மனுஷன்தான், உனக்கும் தெரியும். வெளிநாட்டு ஆர்டர் நின்றுவிட்டது, வரி போட்டுவிட்டார்கள், வெட்டின துணியெல்லாம் அப்படியே கிடக்கிறது என்று என்னென்னவோ சொன்னார். செக்கிங்கில் யாரும் வேண்டாம், பேக்கிங்கிலும் வேண்டாம் என்றார். எல்லாரும் அழுதார்கள், சிலபேர் கத்தினார்கள். நான் அழவில்லை. ஏனென்றால் கடைசியில் அவர் ஒரு வார்த்தை சொன்னார். "ஆர்டர் வந்ததும் கூப்பிடுறோம்" என்றார்.

நான் அதை நம்பினேன்.

நீ அடிக்க வருவாய் என்று தெரிகிறது. அத்தனை வருஷம் திருப்பூரில் இருந்துவிட்டு நம்பினாளே என்று. ஆனால் நம் ஊரில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா? கூப்பிடுகிறேன் என்று ஒரு ஆள் சொல்லிவிட்டால் அவர் கூப்பிடுவார். அதற்குள் வேறு காட்டுக்குப் போனால் அது அவரை அவமதிப்பது. நான் வேறு எங்கும் போகாமல் அறையிலேயே இருந்தேன். காலையில் எழுந்து குளித்துத் தலை பின்னிக்கொள்வேன். டிபன் பாக்ஸில் சோறு கட்டி வைப்பேன். போனை சார்ஜில் போட்டு, மடியிலேயே வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பேன். மதியம் அந்த டிபன் பாக்ஸைத் திறந்து அங்கேயே சாப்பிடுவேன். குளிக்கப் போகும்போதுகூட போனை ஜன்னலில் வைத்துவிட்டுத்தான் போனேன். கார்த்திகை முழுக்க இப்படியே போயிற்று.

பக்கத்து அறைப் பெண் தேனிப் பக்கத்துக்காரி, டைலர். அவளுக்கும் வேலை போய், வேறு இடம் பிடித்துப் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் என்னைப் பார்த்து, "தினமும் கெளம்பி உக்காந்திருக்கீங்களே, எங்கக்கா போறீங்க?" என்று கேட்டாள்.

"கம்பெனியில கூப்புடறேன்னு சொல்லியிருக்காங்க."

அவள் முதலில் சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, அது மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொல்ல முடியாம சொல்றதுக்கா. போங்க, நாலு எடத்துல கேளுங்க" என்றாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. மறுநாள் கம்பெனிக்கே நடந்து போனேன். கேட்டில் பூட்டு. வாட்ச்மேன் மட்டும் உட்கார்ந்திருந்தார். "மெஷினெல்லாம் வித்தாச்சும்மா. உங்களுக்குத் தெரியாதா?" என்றார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நம் டேபிள் இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருந்தது.

அங்கேயே அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். வேலை போன அன்றைக்கு அழ வேண்டியதை அன்றைக்குத்தான் அழுதேன்.

பிறகு கேட் கேட்டாக நடந்தேன். எப்படி நடந்தேன் என்று கேட்காதே. பாதி இடத்தில் எதிர்ச் சுவரோரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். ஒரு இடத்தில் வாட்ச்மேனே ரோட்டைக் கடந்து வந்து, "யாரைப் பார்க்கணும்மா?" என்று கேட்டார். "யாரையும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். அப்படி ஒரு கழுதை நான். கேட்ட இடத்திலெல்லாம் குரல் எனக்கே கேட்கவில்லை. உள்ளிருந்து வருகிறவர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் தலைமுடியைப் பார்ப்பார்கள். "வயசுப் புள்ளைங்களாப் பாக்குறோம்மா" என்றார் ஒருவர். "கண்ணு நல்லாத் தெரியுமா?" என்றார் இன்னொருவர். நாற்பதைத் தாண்டினால் துணியில் ஓட்டை தெரியாது என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கம்பெனியில் இருக்கிற ஆட்களுக்கே வேலை இல்லாமல் எல்லாரும் சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் போய் எனக்கு வேலை கேட்க எனக்கே வெட்கமாக இருந்தது.

கரண்ட் கம்பத்தில் ஒட்டியிருக்கும் 'ஆட்கள் தேவை' நோட்டீஸை எல்லாம் நீ சத்தமாகப் படித்துக்கொண்டே வருவாயே, நான் அவற்றைப் போனில் போட்டோ எடுத்துவைத்தேன். நம்பர் இருக்கும். ஆனால் ஒரு நம்பருக்கும் அடிக்கவில்லை. போட்டோ எடுத்ததே ஏதோ வேலை தேடிவிட்ட மாதிரி மனசுக்கு இருந்தது. பொங்கலுக்கு முன்னால் அறையைக் காலி செய்துவிட்டு பஸ் ஏறினேன். அந்தத் தேனிக்காரி பஸ் ஸ்டாண்டு வரை வந்து பையைத் தூக்கிக்கொடுத்தாள். ஊருக்கு வந்த பிறகு அவளை நான் ஒருமுறைகூடப் போனில் கூப்பிட்டுப் பேசவில்லை.

வீட்டில் அவர் பையை வாங்கி உள்ளே வைத்தார். "வந்துட்டியா" என்றார். "ஆமா" என்றேன். "இருக்கறத வெச்சு இருந்துக்கலாம்" என்றார். அவர் சொல்வது ஆறுதலுக்கு. இருப்பது என்ன என்று எனக்குத் தெரியும். மரவள்ளிக்கு லாரிக்காரன் சொல்கிற விலைதான் விலை. எங்களுடைய மிளகுக்கொடி பாதி வாடிக் கிடக்கிறது. இரண்டு பேர் கஞ்சி குடிக்கலாம். பாப்பா நாமக்கல்லில் படிக்க முடியாது.

எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்காது. காட்டு மேட்டில் ஒரு பாறை இருக்கிறது, அங்கே ஏறினால்தான் பேச முடியும். ஊரில் யாருக்குப் பேச வேண்டுமென்றாலும் அங்கேதான். போன வாரம் அங்கே நின்று பாப்பாவோடு பேசினேன். அவள் குரலே சரியில்லை.

"அம்மா, பரிச்சைக்கு முன்னாடி பீஸ் கட்டோணுமாம். மாசக் கடைசிக்குள்ள."

"கட்டிரலாம் சாமி."

"எப்படிம்மா?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"இங்க ஒரு கிளினிக்ல ஆள் வேணுமாம். படிப்ப முடிக்காட்டியும் பரவால்லைன்னாங்க. நான் நின்னுட்டு அங்க போயிரட்டுமாம்மா? சம்பளம் தருவாங்க."

பாறையில் எனக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் தங்கள் தங்கள் போனில் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று மெதுவாக, "மாசக் கடைசி வரைக்கும் இரு. அம்மாவுக்கு வேலை வந்துரும்" என்றேன். எங்கிருந்து வரும் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. "சரிம்மா" என்று மட்டும் சொன்னாள். அந்தச் சரியில் நம்பிக்கை ஒரு துளிகூட இல்லை. பெற்றவளுக்கு அது தெரியாதா.

அந்தப் பேச்சுக்கு அப்புறம் வந்ததுதான் நேற்றுச் சாயங்காலம். மேட்டு வீட்டு அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றது. கோழி எத்தனை பொரித்தது, பனி இந்த வருஷம் எப்படி என்று பேசிக்கொண்டிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளே அடுப்படியில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். போகும்போது குரலை உயர்த்தி, "கண்ணு, நாளைக்கு நம்ம காட்டுல மொளகு பறிக்கறோம். நீயும் வந்துரு" என்றது.

முதலில் நெஞ்சு நிறைந்தது. எத்தனையோ மாதமாக யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கேட்காமலேயே ஒருத்தர் வந்து கூப்பிட்டாரே என்று ஓடிப்போய், "வாரேங்க்கா" என்றேன். அக்கா போன பிறகுதான் வேறொன்று உறைத்தது. இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் என்னை ஒருவரும் காட்டுக்குக் கூப்பிட்டதில்லை. லீவுக்கு வந்திருக்கிற கம்பெனிக்காரியை யார் கூப்பிடுவார்கள். வந்தால் டீ கொடுப்பார்கள், பனியன் ஏதாவது கொண்டுவந்தாயா என்று கேட்பார்கள். இப்போது கூப்பிட்டுவிட்டார்கள் என்றால், இவள் இனிமேல் திரும்பிப் போகமாட்டாள் என்று ஊர் முடிவு செய்துவிட்டது என்று அர்த்தம். நான் இன்னும் முடிவு செய்யாததை ஊர் செய்துவிட்டது.

இன்று காலையில் போனேன். மிளகுக்கொடி ஏற்றிய சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி ஆம்பிளைகள் மேலே ஏறிப் பறித்தார்கள். நாங்கள் கீழே எட்டுகிற கொடியில் பறித்தோம். என் விரல் துணியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கொத்தையும் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, பழுது இருக்கிறதா என்று தேடிவிட்டு மடியில் போட்டேன். அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "என்ன கண்ணு, மொளகுக்கும் செக்கிங் சீல் போடப்போறியா?" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேட்டு வீட்டு அக்கா நல்லவள், இங்கே எல்லாருமே நல்லவர்கள்தான். ஆனால் மிளகுப் பறிப்பு இன்னும் கொஞ்ச நாளில் முடிந்துவிடும். அதற்கப்புறம் இவர்களிடமும் கூப்பிட ஒன்றும் இருக்காது.

மதியம் எல்லாரும் மர நிழலில் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் களியை வைத்துவிட்டு பாறைக்கு ஏறினேன். மடியில் மிளகோடு ஏறினேன், இறக்கி வைக்கக்கூடத் தோன்றவில்லை. போனில் போட்டோவைத் திறந்தேன். முதல் நோட்டீஸ் பாதி கிழிந்தது. நம்பர் முழுசாக இருந்த ஒன்றைப் பிடித்தேன். மடிக்குள் கையை விட்டால் டிரிம்மர் அகப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டே அடித்தேன். கூப்பிடாத காட்டு ஓரத்தில் போய் நிற்கிற மாதிரிதான் இருந்தது. மாசக் கடைசி என்று ஒரே நினைப்பு.

மணி அடித்து எடுத்தார்கள். "சொல்லுங்க" என்று ஒரு ஆம்பிளைக் குரல். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. மெஷின் ஓடுகிறது என்றதும் எனக்கு எங்கிருந்தோ குரல் வந்தது. அது என் குரல் இல்லை. உப்பு இருக்கிறதா என்று கேட்கிற உன் குரல்.

"ஏனுங்க, ரெண்டு பேரு இருக்கோமுங்க. செக்கிங்கோ பேக்கிங்கோ, எதுன்னாலும் செய்வோமுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்குக் காதில் விழுந்தது.

"எக்ஸ்பீரியன்ஸ் இருக்குதுங்களா?"

"நெறைய வருசமுங்க. ரெண்டு பேருக்குமேங்க."

ஏன் மறுபடி சொன்னேன் என்று தெரியவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் நீ பக்கத்தில் பெட்டியை வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரியே இருந்தது. திரும்பிப் பார்த்தால் இருப்பாய் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

அந்த ஆள் யாரிடமோ எதையோ கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். "இப்ப டைட்டுங்க. ஒரு ஆளுக்கு வேணாப் பாக்கலாம். ரெண்டு பேருக்கெல்லாம் முடியாதுங்க" என்றார்.

நீ இந்த இடத்தில் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அது நுனி நாக்கு வரை வந்தது. ரெண்டு பேருக்கும்னா சொல்லுங்க. அதைச் சொல்லிவிட்டு வைத்துவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. உனக்கு நான் செய்யக்கூடிய மரியாதை அது ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது. அப்புறம் பாப்பா சொன்ன சரிம்மா காதில் கேட்டது.

"ஒருத்திதானுங்க" என்றேன். "நான் ஒருத்திதானுங்க இருக்கறேன்."

உன் சாவுக்கு வந்தவர்களிடமும் நான் இதைச் சொல்லவில்லை. இனி எத்தனை பேர் என்று லைன் வீட்டில் ஓனர் கேட்டபோதும் சொல்லவில்லை, வாடகை அப்படியே தருகிறேன் என்றுதான் சொன்னேன். முகம் தெரியாத ஒரு ஆளிடம், பாறை மேல் நின்று, வேலைக்காகச் சொல்லிவிட்டேன். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நீயாக இருந்தாலும் பாப்பாவுக்காக இதைத்தான் சொல்லியிருப்பாய். ஆனாலும் அந்த ஒரு வார்த்தையால் உன்னை இரண்டாம் தடவை குழிக்குள் இறக்கிவிட்ட மாதிரி இருக்கிறது.

அவர் என் பேரையும் வயதையும் கேட்டார். வயதைச் சொன்னேன்.

"சரிங்க, பாத்துட்டுக் கூப்பிடுறோம்" என்றார்.

இந்த முறை நான் நம்பவில்லை. அந்தத் தேனிக்காரி கற்றுக்கொடுத்துவிட்டாள். கீழே அக்கா கையை ஆட்டிக் கூப்பிட்டது தெரிந்தது. சாப்பாடு முடிந்து எல்லாரும் எழுந்துவிட்டார்கள். இன்னும் ஒரு நம்பருக்கு அடிக்க நேரம் இருந்தது. அடித்தேன். அதற்கும் வாய் முதலில் 'ரெண்டு பேரு' என்றுதான் ஆரம்பித்தது. நாளைக்கும் மதியம் பாறைக்கு ஏறுவேன், மாசக் கடைசி வரைக்கும் ஏறுவேன். கிடைக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. கேட்க மட்டும் வருகிறது, அது உன்னுடையது. ஒவ்வொரு தடவையும் இரண்டு என்று ஆரம்பித்து, ஒருத்திதானுங்க என்று திருத்திச் சொல்லிக்கொள்கிறேன்.